வீட்டுக்கு மூட்டை போனால் சட்டமும் கூடப் போக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குறைந்தபட்சக் கூலி என்று பேச்செடுத்தாலே நம் பக்கத்தில் எல்லோர் பார்வையும் ஒசூர் சிப்காட் பக்கம் திரும்பிவிடுகிறது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு நாளுக்கு எவ்வளவு, ஓவர்டைமுக்கு இரட்டிப்பு வந்ததா, பிடித்த பி.எப். கட்டப்பட்டதா என்றுதான் விவாதம் போகிறது. அதுவும் தேவைதான். ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் திண்ணையிலும் வாசலிலும் உட்கார்ந்து புளி உடைக்கிற பெண்களுக்கு நாள் கூலி என்ற பேச்சே இல்லை. மூட்டை வீட்டுக்கு வரும். ஓடும் நாரும் கொட்டையும் நீங்கிய புளி திரும்பிப் போகும். கிலோவுக்கு இவ்வளவு என்று காசு கைக்கு வரும். 2025 நவம்பர் 21 அன்று ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த பிறகு, இந்த வேலை சட்டத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது. அதற்கான காரணத்தையும், மாநில அரசு செய்யக்கூடியதையும் தங்கள் வாசகர்கள் முன் வைக்கவே இக்கடிதம்.

1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் தொழிலாளி யார் என்று சொல்லும் இடத்தில் ஒரு வகையினரைத் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்த்திருந்தது. ஒருவர் தன் வியாபாரத்துக்கான பொருளை இன்னொருவரிடம் கொடுத்து, அதைச் செய்து, சுத்தப்படுத்தி, கழுவி, பழுது நீக்கி, விற்பனைக்குத் தயாராக்கித் தரச் சொன்னால், அந்த வேலை தொழிலாளியின் சொந்த வீட்டிலேயே நடந்தாலும் அவர் தொழிலாளிதான் என்றது அந்தச் சட்டம். புளி உடைப்பது இதில் அப்படியே அடங்கும். பொருள் வியாபாரியுடையது, சுத்தம் செய்வது இவர், விற்பது மறுபடி வியாபாரி.

2019இல் நிறைவேறிய சட்டத் தொகுப்பு இந்தப் பழைய சட்டத்தையும், 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஆகியவற்றையும் ஒன்றாக்கியது. அதில் தொழிலாளிக்கான விளக்கத்தைப் படித்தால், ஒரு நிறுவனத்தால் ஊதியத்துக்கு அமர்த்தப்பட்டவர் என்று இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்பவர் என்ற தனிக் குறிப்பு அந்த விளக்கத்தில் இல்லை.

தொகுப்பில் நல்ல மாற்றமும் உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பழைய சட்டத்தில் ஒரு தொழிலின் பெயர் அட்டவணையில் இருந்தால்தான் அதற்குக் குறைந்தபட்சக் கூலி. இல்லையென்றால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்தச் சட்டத்தின்படி குற்றமில்லை. இப்போது அட்டவணை போய்விட்டது, எல்லாத் தொழிலுக்கும் கூலி நிர்ணயிக்கலாம். குறைவாகக் கொடுத்ததற்கு உரிமை கோரும் கால அளவு ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டாகக் கூடியிருக்கிறது. கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. பாக்கியோடு சேர்த்து அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்க அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆனால் இவ்வளவும் கிடைக்க முதலில் ‘தொழிலாளி’ என்ற படியில் கால் வைத்தாக வேண்டும். அங்கேயே வியாபாரியின் வக்கீல் நிறுத்திவிடுவார்: “இவர் எங்கள் ஆள் இல்லை, பொருள் வாங்கிப்போய்த் தன் வீட்டில் தன் இஷ்டத்துக்குச் செய்கிறவர்.”

இந்த வாதம் நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. 1973இல் தையற்கடை ஒன்றின் வழக்கில், உருப்படிக் கூலிக்குத் தைத்தவர்களையும் தொழிலாளர்கள் என்றது உச்ச நீதிமன்றம். சரியில்லாத துணியைத் திருப்பித் தள்ளும் உரிமை கடைக்காரரிடம் இருந்தது, அதுவே கட்டுப்பாட்டுக்கு அடையாளம் என்றது. ‘நார் நிற்கிறது, எடுத்துக்கொண்டு போ’ என்று புளியைத் தள்ளும் உரிமையும் அதே போன்றதுதான். பீடித் தொழிலில் வீட்டில் சுற்றுபவர்களுக்கு 1966ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருந்தது. ஆனால் புளி உடைக்கிற ஒவ்வொரு பெண்ணும் வழக்குப் போட்டுத் தன்னைத் தொழிலாளி என்று நிரூபித்துக்கொள்ள முடியுமா? முடியாது. அந்தச் சுமையை அவர் தலையில் வைப்பது சட்டத்தைக் கொடுத்துவிட்டுப் பறிப்பதற்குச் சமம்.

உலகத்தில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் இந்த விடுபடல் எவ்வளவு பெரியது என்று தெரியும். 1896இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கூலி வாரியங்கள் ஏற்பட்டது, உயிரைப் பிழிந்து வேலை வாங்கும் தையல் போன்ற தொழில்களுக்காக. 1909இல் பிரிட்டன் இயற்றிய சட்டம் முதலில் நான்கே தொழில்களைத் தொட்டது: ஆயத்த ஆடை, அட்டைப்பெட்டி, லேஸ், சங்கிலி. அப்போது கிராட்லி ஹீத் என்ற ஊரில் பெண்கள் வீட்டுக் கொல்லைப்புறப் பட்டறைகளில் இரும்புச் சங்கிலி அடித்துக்கொண்டிருந்தார்கள். வாரியம் அவர்களுக்கு மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்று நிர்ணயித்தது. முதலாளிகளில் பலர், ஆறு மாதத்துக்கு இந்தக் கூலி எனக்கு வேண்டாம் என்ற தாளில் பெண்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பலருக்குப் படிக்கத் தெரியாது. 1910இல் பத்து வாரம் போராடித்தான் அந்தப் பெண்கள் அறிவித்த கூலியைப் பெற்றார்கள். இப்படிக் கூலியை விட்டுக்கொடுத்து எழுதித் தரும் ஒப்பந்தம் செல்லாது என்று நம் 1948 சட்டத்தில் தனிப் பிரிவே இருந்தது.

1928இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கொண்டுவந்த 26ஆம் உடன்படிக்கை, எந்தத் தொழில்களில் கூலி நிர்ணயம் வேண்டும் என்று சொல்லும்போது ‘குறிப்பாக வீட்டில் செய்யும் தொழில்கள்’ என்கிறது. அதை இந்தியா 1955இல் ஏற்றது. அதற்கு முன்பே, 1946 ஏப்ரலில், வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த அம்பேத்கர் இதற்கான மசோதாவை மத்திய சட்டசபையில் கொண்டுவந்தார். 1948இல் அது சட்டமானபோது அட்டவணையில் கல் உடைத்தல், பீடி, அரக்கு, எண்ணெய் ஆலை, அரிசி ஆலை எல்லாம் இருந்தன. சங்கம் இல்லாத, பேரம் பேச வலுவில்லாத இடங்களைத் தேடித்தான் இந்தச் சட்டம் போனது. ஆகவே வீட்டிலிருந்து செய்து தரும் வேலையை இதன் ஓரத்தில் ஒட்டிய சங்கதி என்று யாரும் நினைக்கக் கூடாது.

சரி, சட்டத்துக்குள் சேர்த்துவிட்டால் போதுமா என்றால் போதாது. கிலோக் கணக்கில் எவ்வளவு என்ற கேள்வி வரும். இங்கேதான் பெரும்பாலான விவாதங்கள் ஆழம் பார்க்காமல் நின்றுவிடுகின்றன.

உருப்படிக்கு என்று தனியாகக் கூலி நிர்ணயிக்காமல் நாளுக்கு என்று மட்டும் நிர்ணயித்திருந்தால், உருப்படிக் கணக்கில் வேலை செய்பவருக்கும் அந்த நாள் கூலிக்குக் குறையக் கூடாது. இது 1948 சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. ஆகவே நாள் கூலியிலிருந்துதான் கிலோக் கூலிக்கு வர வேண்டும். போன வருஷம் என்ன கொடுத்தோம், பக்கத்து ஊரில் என்ன கொடுக்கிறார்கள் என்பதிலிருந்து அல்ல.

அதற்கு ஒரு நாள் வேலைச் சோதனை வேண்டும். ஆறு பேரையாவது உட்கார வைக்க வேண்டும். ஊரிலேயே வேகமான இரண்டு பேரை மட்டும் வைத்துச் சோதித்தால் மற்ற எல்லோருக்கும் கூலி குறைந்துவிடும். இளையவர், மூத்தவர், புதிதாகப் பழகுபவர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். எட்டு மணி நேரத்துக்குள்ளேயே மூட்டை பிரிப்பது, ஓடு உடைப்பது, நார் உரிப்பது, தட்டிக் கொட்டை எடுப்பது, குப்பை கூட்டுவது, எடைக்குக் காத்திருப்பது, தண்ணீர் குடிப்பது, முதுகை நிமிர்த்துவது எல்லாம் அடங்க வேண்டும். ஒரே சரக்கை வைத்து முடிவு செய்யக் கூடாது. மாசி, பங்குனி வெயிலில் நன்றாகக் காய்ந்த பழத்தில் ஓடு சட்டென்று கழன்றுவிடும். மழை மாதத்தில் ஈரம் ஏறிய சரக்கில் ஓடு சதையோடு ஒட்டிக்கொண்டு நேரத்தைத் தின்னும். இரண்டிலும் தனித்தனியாகச் சோதித்து இரண்டு கூலி வைப்பதுதான் நேர்மை.

ஒரு கணக்குக்காக மட்டும் இந்த எண்களை வைத்துக்கொள்வோம், இவை நடப்பு விலை அல்ல. நாள் கூலி 400 ரூபாய். ஆறு பேர் சேர்ந்து உடைத்துக் கொடுத்த சுத்தப் புளி 120 கிலோ. ஆளுக்குச் சராசரி 20 கிலோ. 400ஐ 20ஆல் வகுத்தால் சுத்தப் புளி கிலோவுக்கு 20 ரூபாய். வியாபாரி கொடுப்பது 10 ரூபாய் என்றால் அந்தப் பெண் நாள் முழுக்க உட்கார்ந்து பாதி நாள் கூலி வாங்குகிறார் என்று பொருள்.

கணக்கில் அதிகம் வழுக்கும் இடம் எடைதான். ஓட்டோடு உள்ள புளியம்பழத்தில் ஏறத்தாழ 55 பங்கு சதை, 34 பங்கு கொட்டை, 11 பங்கு ஓடும் நாரும். கிலோவுக்கு 10 ரூபாய் என்று பேசும்போது அது எந்தக் கிலோ? 100 கிலோ மூட்டைக் கணக்கென்றால் 1,000 ரூபாய். திரும்பி வந்த சுத்தப் புளிக் கணக்கென்றால் 55 கிலோவுக்கு 550 ரூபாய். வேலை ஒன்றேதான், வாயால் சொன்ன கூலியும் ஒன்றேதான், கைக்கு வருவது மட்டும் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. காலையில் ஈரத்தோடு நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெயிலில் காய்ந்த பிறகு நிறுத்து வாங்கினால் குறைவு தொழிலாளி கணக்கில் விழும். சாக்கின் எடை, ‘கழிவு’ என்று கிலோவுக்கு இத்தனை கிராம், தரம் குறைவு என்று பிடித்தம் என எல்லாம் ஒரே பக்கமாகத்தான் சாயும். கொட்டையையும் வியாபாரி திரும்ப வாங்கிக்கொள்கிறார். அதற்கும் சந்தையில் விலை உண்டு, மாவாக அரைத்து நெசவுக் கஞ்சிக்கு வாங்குகிறார்கள். அந்த 34 பங்கை எடுத்துத் தரும் உழைப்புக்குக் கிலோக் கணக்கில் ஒரு காசும் வருவதில்லை. ஆகவே எந்த அறிவிக்கையிலும் ‘கொடுத்த எடைக்கு, முத்திரையிட்ட தராசில், சாக்கு எடை கழித்து’ என்ற சொற்கள் இருந்தே ஆக வேண்டும். இவை இல்லாத கிலோக் கூலி காகிதத்தோடு நின்றுவிடும்.

அடுத்தது ஆள் கணக்கு. மூட்டை ஒருத்தி பேரில் போகிறது, உடைப்பது மாமியார், மகள், பள்ளி விட்டு வந்த பிள்ளை எல்லோரும். மாலையில் 40 கிலோ திரும்பி வந்தால், ‘பாருங்கள், இவர் நாளுக்கு 40 கிலோ உடைக்கிறார், கூலி கட்டுபடியாகிறது’ என்பார்கள். செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணவன் பேரில் எழுதி, மனைவியின் உழைப்பைக் கணக்கிலேயே காட்டாமல் விடுவதும் இதே கதைதான். மழையில் கரைந்த பச்சைக் கல்லைக் கழித்துக்கொள்வதையும், முன்பணத்தைக் காட்டி ஆளை நிறுத்திவைப்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய வேலையே என்று உச்ச நீதிமன்றம் 1982இல், டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. உருப்படிக் கூலி குறைவாக இருக்கும் வரை பிள்ளைகளின் கையும் மூட்டைக்குள் போய்க்கொண்டே இருக்கும். படிப்பை விட்ட பெண் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்தக் கிலோக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, அகவிலைப்படி. நம் மாநில அறிவிக்கைகளில் அடிப்படைக் கூலி ஒன்று, அகவிலைப்படி ஒன்று. சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டின் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியை எடுத்து, கூடிய ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு என்று பெருக்கி, ஏப்ரல் 1 முதல் படி மாறும். மாதச் சம்பளக்காரருக்கு அது ஏறுகிறதா என்று கேட்கவாவது ஆள் உண்டு. கிலோக் கூலிக்கு ஏப்ரல் மாதம் என்பதே இல்லை. ஒரு முறை பேசிய தொகை வருஷக் கணக்கில் அப்படியே நிற்கும், அரிசி விலையும் எண்ணெய் விலையும் ஏறிக்கொண்டே போகும். நாள் கூலி எத்தனை சதவீதம் ஏறுகிறதோ அதே சதவீதம் கிலோக் கூலியும் அன்றே ஏறும் என்று ஒரு வரி எழுதினால் இது தீரும்.

அந்த நாள் கூலி எதை அளவாக வைத்து வர வேண்டும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்த அளவு இது: குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு (பெரியவர் ஒருவரின் தேவை ஓர் அலகு), அலகுக்கு 2,700 கலோரி உணவு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, விறகு, விளக்கு முதலிய செலவுக்கு 20 சதவீதம். பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், முதுமை, கல்யாணம் ஆகியவற்றுக்காக மேலும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் தந்த தீர்ப்பு. 2019இல் மத்திய அரசின் நிபுணர் குழு 2,400 கலோரியாகக் குறைத்து, 3.6 அலகாகக் கூட்டி, 2018 ஜூலை விலையில் நாளுக்கு 375 ரூபாய் என்று கணக்கிட்டது. எந்த அளவை எடுத்தாலும், அது சாப்பிட்டு உயிரோடு இருந்து மறுநாள் வேலைக்கு வருவதற்கான கணக்கு. சொகுசுக்கான கணக்கு இதில் எங்கும் இல்லை.

வியாபாரிகள் சொல்வதையும் கேட்க வேண்டும். முதல் வாதம்: பெண்கள் சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே ஓய்ந்த நேரத்தில் செய்கிறார்கள், இதற்கு எட்டு மணி நேரக் கணக்கு எப்படிப் பொருந்தும்? கிலோக் கூலியை நாள் கூலியிலிருந்து ஒரு முறை வகுத்து எடுத்துவிட்டால், வீட்டில் யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள் என்று எண்ணவே தேவையில்லை. இரண்டு கிலோ உடைத்தால் இரண்டு கிலோவுக்கு உரியது, இருபது கிலோ உடைத்தால் இருபதுக்கு உரியது. எனவே இந்த வாதம் நிற்காது.

இரண்டாவது வாதம் கனமானது: கூலி ஏறினால் சரக்கு கர்நாடகத்துக்கோ ஆந்திரத்துக்கோ போய்விடும், அல்லது கொட்டை எடுக்கும் எந்திரம் வந்துவிடும், இருக்கிற வேலையும் போகும். பொருளியலில் இந்தச் சண்டை பழையது. கூலிக்குத் தளம் போட்டால் வேலை குறையும் என்று 1946இல் வாதிட்டவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர். ஆனால் கூலியைத் தன் இஷ்டத்துக்கு வைக்கும் வலு முதலாளிக்கு இருக்கும் இடத்தில், கவனமாக வைத்த குறைந்தபட்சக் கூலி வேலையையும் கூட்டலாம் என்று அவரே ஒப்புக்கொண்டார். 1992இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் மணிக்கூலி 4.25 டாலரிலிருந்து 5.05 டாலரானபோது, பக்கத்து பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டு உணவகங்களை ஆராய்ந்த டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் வேலை குறையவில்லை என்று கண்டார்கள். அதை எதிர்த்து நியூமார்க், வாஷர் ஆகியோர் வேறு புள்ளிவிவரத்தோடு வந்தார்கள். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்த பிறகும் விவாதம் முடியவில்லை. நம் ஊர் நிலவரம் எது? ஒரு தெருவுக்கு மூட்டை கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே ஏஜெண்ட். அவரிடம் வேண்டாம் என்றால் அன்றைக்கு வேறு வேலை இல்லை. கூலியைத் தீர்மானிக்கும் வலு முழுக்க ஒரே பக்கத்தில் இருக்கிறது. ஸ்டிக்லர் விதிவிலக்காகச் சொன்னதுதான் இங்கே விதி. எந்திர பயம் பொய் என்று சொல்ல மாட்டோம். அதனால்தான் தோராயமாக ஒரு பெரிய எண்ணை அறிவிக்காமல், சோதனை செய்து வகுத்து எடுக்கச் சொல்கிறோம். அந்த அடிமட்டக் கூலியும் கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1950களிலேயே சொன்னதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இனி அரசு செய்ய வேண்டியது. சட்டத் தொகுப்பில் தொழிலாளிக்கான விளக்கத்தின் கடைசியில் ஒரு சிறு தொடர் இருக்கிறது: உரிய அரசு தொழிலாளி என்று அறிவிக்கும் நபரும் இதில் அடங்குவார். தமிழ்நாடு அரசுக்கு இந்த அதிகாரம் கையிலேயே இருக்கிறது. நாடாளுமன்றத்துக்குப் போய்த் திருத்தம் கேட்கத் தேவையில்லை. வியாபாரியிடம் பொருள் வாங்கி வீட்டில் செய்து தருபவர்கள் தொழிலாளர்கள் என்று 1948 சட்டத்தின் அதே சொற்களில் ஓர் அறிவிக்கை போட்டால் போதும். ஏஜெண்ட் வழியாகக் கொடுத்தாலும் பொறுப்பு சரக்கின் சொந்தக்காரருக்கே என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். வியாபாரி கிருஷ்ணகிரியிலும் உடைப்பவர் காரிமங்கலத்திலும் இருந்தால் எந்த மாவட்ட அலுவலகம் என்ற இழுபறி வரும். ஆகவே தொழிலாளி குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம் என்று எழுதிவிட வேண்டும்.

அறிவிக்கை வரும் வரை உடைப்பவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவும் பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம்தான். மூட்டை வந்த தேதி, கொடுத்த எடை, திரும்பக் கொடுத்த புளியின் எடை, கொட்டையின் எடை, பிடித்தம், வாங்கிய பணம், கொண்டுவந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே எழுதி, முடிந்தால் ஏஜெண்டிடம் ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்துப் போட மறுத்தாலும், எடைத் தராசின் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வைக்கலாம். கூலி கொடுத்ததை நிரூபிப்பது முதலாளி பொறுப்பு என்றாலும், இவருக்காக வேலை செய்தேன் என்று காட்ட இந்த நோட்டுதான் கை கொடுக்கும். உரிமை கோரும் மனுவைத் தொழிலாளி தானே கொடுக்கலாம், பதிவு பெற்ற சங்கம் கொடுக்கலாம், தொழிலாளர் துறை ஆய்வாளரும் கொடுக்கலாம். மகளிர் குழுக்கள் வாரக் கூட்டத்தில் இந்த நோட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால், ஒரே சரக்குக்குத் தெருவுக்குத் தெரு கூலி மாறுவது அப்போதே தெரிந்துவிடும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ஏப்ரல் தோறும் தங்கம் விலை போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாவட்டத்துக்குரிய குறைந்தபட்ச நாள் கூலியையும், அகவிலைப்படி மாறிய தொகையையும் வெளியிடுங்கள். அரசிதழைத் தேடிப் படிக்க முடியாதவர்களுக்கு அது எட்டும்.

மாசியில் புதுப் புளி இறங்கத் தொடங்கும். அதற்கு முன் அறிவிக்கை வெளிவந்தால், சோதனையை முதல் சரக்கிலேயே நடத்தி, பங்குனியில் போகிற மூட்டைக்கே சரியான கூலி வைத்துவிடலாம்.

இப்படிக்கு,
தொழிலாளர் சட்டப் பணியில் உள்ள வாசகர்கள்,
தருமபுரி.